சாயங்காலம் ரெண்டு டம்ளர் ஒயின்தான் டாக்டர், இதுவும் குடிப்பழக்கமா?

புதுச்சேரியில இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. பேரு, தெரு, வேலை பார்க்குற இடம் எல்லாத்தையும் எடுத்துட்டேன், மத்த விவரத்தையும் ஆள் தெரியாத அளவுக்கு மாத்தியிருக்கேன். கடிதம் ரொம்ப நீளம், சுருக்கமா சொல்றேன்.

வயசு 46. ஒரு தனியார் கம்பெனியில கணக்கு பார்க்குறாங்க. வீட்டுக்காரர் பிரான்ஸ்ல வேலை, வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு. வீட்ல மாமியாரும் பிளஸ் டூ படிக்கிற பொண்ணும். மாமனார் பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கினவர், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா மத்தியான சாப்பாட்டோட ஒரு சின்ன கிளாஸ் சிவப்பு ஒயின் எடுப்பாராம், 86 வயசு வரைக்கும் நல்லா நடமாடிட்டு இருந்தாராம். அதனால அந்த வீட்ல ஒயின் ஒரு ஒளிச்சு வைக்கிற பொருளா இருந்ததே இல்ல. அவர் தவறினப்புறம் அலமாரியில மிச்சம் இருந்த பாட்டிலைத்தான், தூக்கம் வராத ஒரு ராத்திரி இவங்க முதல்ல திறந்திருக்காங்க. 2021ல.

இப்ப தினமும் ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்குது. வீட்டுக்காரர் ஒன்பதரை, பத்துக்கு போன் பண்றதுக்குள்ள எவர்சில்வர் டம்ளர்ல ரெண்டு டம்ளர். ரெண்டு நாளைக்கு ஒரு பாட்டில், சனிக்கிழமை கொஞ்சம் கூட, ஆக வாரத்துக்கு நாலு பாட்டில். பாட்டில் இருக்குறது அரிசி டிரம்முக்குப் பின்னாடி. காலி பாட்டிலை டிபன் பையில வச்சு ஆபீஸ் போற வழியில போட்டுடுறாங்க. ரெண்டு வருஷமா பி.பி. மாத்திரை, போன தடவ டோஸ் ஏத்திட்டாங்க. சுகர் பார்டர்ல. தூக்கம் சரியில்லாத நாள்ல பாதி அல்பிரசோலம், பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்குற மாத்திரை, தெரிஞ்ச கடையில சீட்டு இல்லாம வாங்குறது. போன தவக்காலத்துல ஒறுத்தலா இருக்கட்டும்னு நிறுத்திப் பார்த்திருக்காங்க, ரெண்டாவது நாளே உள்ளங்கை வியர்த்து, விரல் நடுங்கி, கணக்குப் புத்தகத்துல கையெழுத்தே மாறிப் போச்சுன்னு எழுதியிருக்காங்க, நாலாவது நாள் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்குற அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும், அங்க போய்த் தங்குற நாள்ல கைப்பையில ஒரு பாட்டில் கூடவே போகும்.

போன மாசம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்திருக்கு. ரெண்டு டம்ளர் முடிச்ச கையோட இவங்களே காரை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாங்க, ஆனா பின் சீட்ல பாட்டி கையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்த பொண்ணு திரும்பி வரும்போது கேட்டிருக்கா: "அம்மா, தினம் அந்த டம்ளர்ல என்னம்மா குடிக்கிற?" அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வச்சிருக்கு.

அவங்க எங்கிட்ட கேக்குறது இது: "நான் தள்ளாடினது இல்ல, சத்தம் போட்டது இல்ல, இதுக்காக ஒரு நாள்கூட லீவு போட்டது இல்ல. பிராந்தி விஸ்கியைத் தொட்டதே இல்ல. ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. நானும் சாராயக்கடை வாசல்ல விழுந்து கிடக்குறவங்களும் ஒண்ணா டாக்டர்? அப்படியே நிறுத்தணும்னா எப்படி நிறுத்துறது? அக்கா ஏதோ பவுடர் இருக்குன்னு சொல்றா, அதை நானே வாங்கிச் சாப்பிடலாமா? ஜிப்மர் போனா தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்களே?"

சகோதரி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க எழுதினது ரொம்ப நல்லது. என்கிட்ட வர்ற பெண்கள்ல பெரும்பாலானவங்க மஞ்சக்காமாலை வந்து வயிறு வீங்கினதுக்கப்புறம்தான் வர்றாங்க, அதுவும் புருஷனோ அண்ணனோ இழுத்துட்டு வந்து, கேள்வியெல்லாம் அவங்க பேச இவங்க தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பாங்க. நீங்க வேலைக்குப் போயிட்டு, பொண்ணைப் படிக்க வச்சுட்டு, எல்லாம் கையில இருக்கும்போதே கேக்குறீங்க. இந்தக் கட்டத்துல வர்றவங்களுக்கு வைத்தியம் நல்லா கேக்கும், அதை நான் தைரியமா சொல்றேன்.

குடிகாரின்னு உங்களை நான் சொல்ல மாட்டேன், எங்க தொழில்ல அந்த வார்த்தையை யாருக்கும் போடக்கூடாதுங்கறது என் கருத்து. ஆனா உடம்புக்கு அது ஒயினா பிராந்தியா, வீட்டுக்குள்ள குடிச்சதா கடை வாசல்ல குடிச்சதாங்கற வித்தியாசம் கிடையாது. உள்ள போன ஆல்கஹால் எவ்வளவு, எத்தனை வருஷமா போகுது, அது இல்லாம ஒரு ராத்திரி கழியுமா, இந்த மூணைத்தான் நான் பார்ப்பேன். அந்தக் கணக்கை உங்களோட சேர்ந்தே போடுறேன், நீங்க கணக்கு பார்க்குறவங்க, சீக்கிரம் பிடிபட்டுடும்.

டம்ளர்ல எவ்வளவு இருக்கு

நாளைக்குக் காலையில அந்த டம்ளரை எடுத்து தண்ணி ரொப்பி, குழந்தைகளுக்கு மருந்து ஊத்துற அளவு மூடியோ, அளவு போட்ட பால் பாட்டிலோ எதுலயாவது ஊத்தி அளந்து பாருங்க. நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளர் சாதாரணமா 200 மில்லி பிடிக்கும், சிலது அதுக்கும் மேல. ஹோட்டல்ல ஒரு கிளாஸ் ஒயின்னா 150 மில்லிதான் ஊத்துவாங்க, அதுவே கிளாஸ்ல பாதிகூட வராது. டம்ளர்ல விளிம்பு வரைக்கும் ஊத்துறதும், உள்ள எவ்வளவு இருக்குன்னு வெளிய தெரியாததும் சேர்ந்து "ரெண்டே ரெண்டு"ன்னு மனசுல பதிஞ்சுடுது.

750 மில்லி பாட்டில்ல 13 சதவீத ஒயின் இருந்தா, அதுக்குள்ள சுத்தமான ஆல்கஹால் கிட்டத்தட்ட 77 கிராம். நீங்க பாதி பாட்டில் எடுக்குறீங்க, அப்ப 38 கிராம். ஒரு லார்ஜ் பிராந்தி, அதாவது 60 மில்லி, அதுல இருக்குறது சுமார் 20 கிராம். ஆக தினம் ராத்திரி நீங்க குடிக்கிறது ரெண்டு லார்ஜ் பிராந்திக்குச் சமம், அதை நீங்க தொட்டதே இல்லைன்னு சொல்றீங்க, ஆனா உங்க கல்லீரலுக்கு அது தெரியாது. இனிப்பான போர்ட் ஒயினா இருந்தா ஆல்கஹால் இதைவிடக் கூடவே இருக்கலாம், லேபிள்ல சதவீதம் போட்டிருக்கும், பாருங்க. வாரத்துக்கு நாலு பாட்டில்னா 300 கிராமைத் தாண்டுது.

இன்னொண்ணு, பெண்களுக்கு உடம்புல தண்ணி அளவு ஆண்களைவிடக் குறைவு, இரைப்பையிலயே ஆல்கஹாலை உடைக்கிற என்சைமும் கம்மி. அதே ரெண்டு டம்ளரை உங்க வீட்டுக்காரர் குடிச்சா ரத்தத்துல ஏறுற அளவைவிட உங்களுக்கு அதிகமாவே ஏறும். கல்லீரல் பாதிப்பும் பெண்களுக்குக் குறைஞ்ச அளவுலயே, குறைஞ்ச வருஷத்துலயே வருது.

மாமனாரும் பிரெஞ்சுக்காரங்களும்

உங்க மாமனார் வாரத்துக்கு ஒரு நாள், சாப்பாட்டோட, ஒரு சின்ன கிளாஸ். நீங்க ஏழு நாளும், பெரும்பாலும் வெறும் வயித்துல, அரை பாட்டில். ரெண்டும் ஒரே பழக்கம்னு எடுத்துக்கவே முடியாது. அவர் 86 வரைக்கும் இருந்தது ஒயினாலன்னு சொல்லவும் நமக்கு ஆதாரம் இல்ல, ராணுவத்துல இருந்த உடம்பு, வேளைக்குச் சாப்பாடு, கையில பென்ஷன், எத்தனையோ காரணம் இருக்கலாம்.

ஒயின் இதயத்துக்கு நல்லதுங்கற பேச்சு 1991ல அமெரிக்க டிவியில வந்த ஒரு நிகழ்ச்சிக்கப்புறம்தான் உலகம் முழுக்கப் பரவுச்சு. பிரெஞ்சுக்காரங்க வெண்ணெயும் சீஸும் சாப்பிட்டும் மாரடைப்பு கம்மியா வருது, காரணம் சிவப்பு ஒயின்னு சொன்னாங்க. திராட்சைத் தோல்ல இருக்குற ரெஸ்வெராட்ரால்தான் அந்த மருந்துன்னும் சொன்னாங்க. ஒயின்ல அது இருக்குறது கொஞ்சமே கொஞ்சம், ஆராய்ச்சிக்கூடத்துல எலிக்குக் கொடுத்த அளவு மனுஷனுக்கு ஒயின் வழியா கிடைக்கணும்னா குடிச்சே செத்துப் போயிடணும். அந்தக் காலத்து ஆய்வுகள்ல இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது, "குடிக்காதவங்க" பட்டியல்ல ஏற்கனவே நோய் வந்து குடியை விட்டவங்களையும் சேர்த்துட்டாங்க, அவங்களோட ஒப்பிட்டா அளவா குடிக்கிறவங்க ஆரோக்கியமாத்தானே தெரிவாங்க.

பிரான்ஸே இன்னைக்கு என்ன சொல்லுதுன்னு உங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க. 1991லயே மது விளம்பரத்துக்கு அங்க கடுமையா சட்டம் போட்டாங்க. 2017ல இருந்து அவங்க பொது சுகாதாரத் துறை சொல்றது, ஒரு நாளைக்கு ரெண்டு கிளாசுக்கு மேல வேணாம், அதுவும் தினமும் வேணாம், வாரத்துக்கு மொத்தம் பத்துக்கு மேல போகவே வேணாம். அவங்க கணக்குல ஒரு கிளாஸ் 10 கிராம், அப்ப வாரத்துக்கு 100 கிராம். நீங்க அதுக்கு மூணு மடங்கு. அந்த நாட்டுல 2015ல மதுவால வந்த இறப்பு சுமார் 41,000ன்னு கணக்கிட்டிருக்காங்க. ஒயின் குடிச்சே வளர்ந்த ஜனங்களையும் அது சும்மா விடல.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணே இல்லைன்னு தெளிவா சொல்லிடுச்சு. 1988லயே ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு முதல் பிரிவுல சேர்த்தாச்சு, அதாவது புகையிலை இருக்குற அதே பிரிவு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். மார்பகப் புற்றுநோய் ரிஸ்க் தினம் 10 கிராம்லயே ஏற ஆரம்பிக்குது. பயமுறுத்த இதைச் சொல்லல, உங்க சித்திக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததுன்னு கடிதத்துல ஒரு வரி இருக்கு, அதை நீங்க ஒயினோட சேர்த்துப் பார்க்கல, அதனால சொல்றேன். மேமோகிராம் எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

மூணு மணிக்கு ஏன் முழிப்பு வருது

"ஒயின் குடிச்சாத்தான் தூக்கமே வருது, ஆனா விடியக்காலை மூணு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு முழிச்சுக்குறேன், அப்புறம் விடியற வரைக்கும் தூக்கம் இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க. இதை நான் நிறைய பேர்கிட்ட கேட்டிருக்கேன், மணி கூட மாறாது. நம்ம உடம்பு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 7ல இருந்து 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். ஒன்பதரைக்கு முடிச்சீங்கன்னா ரெண்டு, மூணு மணி வாக்குல அது இறங்கி முடியும், அதுவரைக்கும் அமுங்கிக் கிடந்த நரம்பு மண்டலம் ஒரேயடியா எழுந்துக்கும். படபடப்பு, வியர்வை, என்னமோ ஆகப்போகுதுங்கற பயம், எல்லாம் அப்பத்தான் வரும். சீக்கிரம் தூங்க வைக்கிறது ஆல்கஹால்தான், பின்பாதித் தூக்கத்தைக் கெடுக்குறதும் அதேதான். உங்க வயசுக்கு மாதவிடாய் நிக்கப்போற மாற்றத்தாலயும் ராத்திரி வியர்க்கும், தைராய்டாலயும் படபடப்பு வரும், அதையும் பார்க்கணும், ஆனா ஒயினை அப்படியே வச்சுக்கிட்டு அதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

பி.பி. டோஸ் ஏறினதும் இதோட சம்பந்தப்பட்டதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. தினம் குடிச்சா ரத்த அழுத்தம் ஏறும், குறைச்சா சில வாரத்துலயே இறங்கும். டோஸ் ஏத்தின டாக்டருக்கு ஒயின் விஷயம் தெரியாது, இல்லையா? அவர் கேட்டிருக்க மாட்டாரு, ஒரு அம்மாகிட்ட குடிப்பீங்களான்னு கேக்க நம்ம ஊர் டாக்டர்களுக்கே தயக்கம், அது எங்க தரப்புத் தப்புதான்.

எனக்கு உங்க கடிதத்துலயே ரொம்பக் கவலையா இருந்தது ஒரு சின்ன வரி. பாதி அல்பிரசோலம். ஒயினும் அதுவும் ஒரே இரவுல வேணவே வேணாம். ரெண்டும் மூளையில ஒரே மாதிரி அமுக்குற பொருள், சேர்ந்தா மூச்சே மந்தமாகிடலாம், தூக்கத்துலயே வாந்தி எடுத்து புரையேறி ஆபத்தாகலாம். அது டாக்டர் சீட்டு இல்லாம கொடுக்கவே கூடாத மாத்திரை, தெரிஞ்ச கடைங்கறதால கொடுத்திருக்காங்க. அதே சமயம் அதையும் நெடுநாள் எடுத்தா திடீர்னு விடக்கூடாது. வாரத்துக்கு எத்தனை நாள் எடுக்குறீங்கன்னு எழுதல, அதை ஒரு தாள்ல குறிச்சு வைங்க, டாக்டர்கிட்ட முதல்ல சொல்ல வேண்டியதே அதுதான்.

இது அடிமைத்தனமா?

கடிதத்தை வச்சு நோயைத் தீர்மானிக்கக் கூடாது, நேர்ல பார்த்துத்தான் சொல்லணும். ஆனா நாங்க பார்க்குற அடையாளம் மூணு. நினைச்ச அளவோட நிறுத்த முடியாம போறது. மத்த விஷயத்தையெல்லாம் பின்னாடி தள்ளிட்டு குடி முன்னாடி வர்றது. உடம்பு பழகிப்போய், நிறுத்தினா நடுங்குறது, வியர்க்குறது. இதுல ரெண்டு, தொடர்ந்து கொஞ்ச காலமா இருந்தாலே மது சார்புநிலைன்னு சொல்லுவோம். தவக்காலத்துல கையெழுத்து மாறினது மூணாவது அடையாளம். அக்கா வீட்டுக்கு ஒரே ஒரு ராத்திரி தங்கப் போறதுக்குக்கூட பாட்டிலை எடுத்துட்டுப் போறது ரெண்டாவது. தள்ளாடாம இருக்குறதை நீங்க நல்ல விஷயமா எழுதியிருக்கீங்க, உடம்பு அந்த அளவுக்குப் பழகிடுச்சுன்னுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அதனால என் அபிப்பிராயம், இது ஆரம்ப நிலையோ நடுநிலையோ, சார்புநிலைதான். மன உறுதி இல்லாததால வந்ததுன்னு நினைக்காதீங்க. அஞ்சு வருஷத்துல எப்பவாவது உங்களுக்கு ஒருத்தர் உக்கார வச்சு காபி போட்டுக் கொடுத்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியல, ஆபீஸ், மாமியார் மாத்திரை, பொண்ணு டியூஷன், எல்லாம் முடிஞ்சு கிடைக்கிற அந்த ரெண்டு மணி நேரத்துல உங்களுக்குன்னு இருந்தது அந்த டம்ளர் ஒண்ணுதான். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு வேற ஏதாவது வழி பண்ணாம வெறுமனே "விடு"ன்னு சொன்னா அது நிக்காது.

எப்படி நிறுத்துறது

நாளைக்கே ஒரேயடியா தனியா நிறுத்தாதீங்க. உங்களுக்கு ஏற்கனவே நடுக்கம் வந்திருக்கு, கூட அல்பிரசோலமும் இருக்கு. நிறுத்தின முதல் ரெண்டு நாளைக்குள்ள சிலருக்கு வலிப்பு வரலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள ரொம்ப சிலருக்கு புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். உங்க அளவுக்கு அது வர வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் டாக்டர் பார்வையில பண்ணினா பயமில்லாம பண்ணலாம். கை நடுக்கம் நிக்காம கூடிட்டே போனாலோ, வலிப்பு, குழப்பம், ஏதாவது உருவம் தெரியுறது, சத்தம் கேக்குறதுன்னு வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்க, குடியை நிறுத்தியிருக்கேன்னு வர்றவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லிடுங்க.

டாக்டர் என்ன பண்ணுவாருன்னு தெரிஞ்சா போறதுக்குப் பயம் இருக்காது. முதல்ல பேசுவாரு. உலக சுகாதார நிறுவனத்தோட ஆடிட்னு 10 கேள்வி இருக்கு, அதைக் கேப்பாரு. கல்லீரல் டெஸ்ட், அதோட குடியால ஏறுற ஜி.ஜி.டி.ங்கற கல்லீரல் என்சைம், ரத்த அணுக்கள் டெஸ்ட், மூணு மாச சராசரி சுகர், தைராய்டு, தேவைப்பட்டா வயித்து ஸ்கேன். ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு வந்தா "அப்ப பரவாயில்ல"ன்னு எடுத்துக்காதீங்க, கல்லீரல் ரொம்ப நாள் பொறுத்துக்கிட்டு அப்புறமாத்தான் காட்டிக்கொடுக்கும். அப்புறம் தயமின் மாத்திரை, அது வைட்டமின் பி1. நிறுத்துற அந்தக் கொஞ்ச நாளைக்கு மட்டும் நடுக்கத்துக்கு மாத்திரை, அளவு குறைச்சுட்டே வந்து நிறுத்திடுவாரு. பெரும்பாலும் வீட்ல இருந்தே முடியும், அட்மிஷன் தேவைப்படாது. அதுக்கப்புறம் ஆசையைக் குறைக்கிற மருந்தெல்லாம் இருக்கு, நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட், கல்லீரலும் கிட்னியும் எப்படி இருக்குன்னு பார்த்து எது உங்களுக்குன்னு முடிவு பண்ணுவாரு.

அக்கா சொன்ன பவுடர் வேணவே வேணாம். அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இப்படி விக்கிறதுல சிலதுல டைசல்ஃபிராம்னு, குடியை விட வைக்கக் கொடுக்குற மருந்து கலந்திருக்கலாம். அது உடம்புல இருக்கும்போது ஒரு வாய் ஒயின் போனாலும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடிச்சு, பி.பி. விழுந்துடும். டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான், ஆனா சாப்பிடுறவருக்கு முழுசாத் தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் சொல்லித்தான் எடுக்கணும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், வீட்ல குடிக்கிறவருக்குத் தெரியாம குழம்புல கலந்து கொடுக்குற வேலையைத் தயவுசெஞ்சு பண்ணாதீங்க, உயிர் போயிடும்.

முழுசா நிறுத்தணுமா, சனிக்கிழமைக்கு மட்டும் வச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நடுக்கம் வர்ற அளவுக்குப் போனவங்களுக்கு நான் முழுசா நிறுத்தத்தான் சொல்லுவேன். குறைச்சுப் பார்க்குறேன்னு சொல்றவங்க கொஞ்ச மாசத்துல பழைய இடத்துக்கே வந்து நிக்கிறதை நிறைய பார்த்திருக்கேன். நீங்க குறைக்கிறதோட ஆரம்பிக்கணும்னு நினைச்சா, டாக்டரைப் பார்க்குற வரைக்குமான இந்த நாட்களுக்கு, டம்ளரை விட்டுட்டு கண்ணாடி கிளாஸ்ல 150 மில்லி அளந்து ஊத்துங்க, எத்தனைன்னு எழுதி வைங்க, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க, நடுக்கம் வந்தா அதுக்குக் கீழ தனியா போகாதீங்க.

அந்த ஏழரை மணிக்கு வருவோம். ஆபீஸ்ல இருந்து பசியோட வந்து உக்காருறதாலதான் கை டிரம் பக்கம் போகுது, அதனால வந்த உடனே, ஏழு மணிக்கே, ராத்திரி சாப்பாட்டை முடிச்சுடுங்க. வயிறு நிறைஞ்சதும் பாதி ஆசை அடங்கிடும். பீச் ரோட்ல சாயங்காலத்துக்கு மேல வண்டி விட மாட்டாங்க, ஜனம் நிறைய நடக்கும், பொண்ணையும் கூட்டிக்கிட்டு வாரத்துல சில நாளாவது அந்த நேரத்துல அங்க இருங்க. வீட்டுக்காரர் போன் வரட்டும்னு அந்த நேரம் வரைக்கும் காத்துட்டு இருக்குறதும் ஒரு பெரிய காரணம்னு எனக்குத் தோணுது. அவருக்கு மத்தியான சாப்பாட்டு இடைவேளை நமக்கு சாயங்காலம் நாலு, அஞ்சு மணி, அப்பவே ஒரு பத்து நிமிஷம் பேச முடியுமான்னு கேளுங்க. முழுசா நிறுத்தினதும் வீட்ல பாட்டில் இருக்கவே கூடாது, மாமனார் ஞாபகமா வச்சிருக்குற பாட்டிலும் சேர்த்துத்தான்.

காரும் ஆல்பேட்டையும்

அன்னைக்கு மாமியாரைக் கொண்டுபோன அவசரம் எனக்குப் புரியுது, ஆனா அது தப்பான முடிவு. சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா வண்டி ஓட்டக்கூடாது, உங்க உடம்பு வாகுக்கு ஒரே டம்ளர்ல அதைத் தாண்டிடுவீங்க. முதல் தடவ பிடிபட்டா 10,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அபராதத்தை விடுங்க, கார்ல மூணு தலைமுறை உக்காந்திருந்தீங்க. இனிமே ராத்திரி அவசரம்னா 108, இல்ல ஆட்டோ, இல்ல பக்கத்து வீட்டுக்காரர். அந்த நம்பர்களை இன்னைக்கே பொண்ணு போன்ல போட்டு வைங்க.

கடலூருக்குப் பாட்டில் எடுத்துட்டுப் போறதும் குற்றம்தான். பாண்டியில முறையா வாங்கினதா இருந்தாலும் முள்ளோடையைத் தாண்டினா தமிழ்நாடு, அங்க 1937ம் வருஷ மதுவிலக்குச் சட்டம் இருக்கு, ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பையைத் திறந்து பார்த்தா கேஸ் ஆகும். பஸ்ல அத்தனை பேர் முன்னாடி அப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வர வேணாம்.

யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது

2017ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல, உங்க சிகிச்சை விவரத்தை ரகசியமா வச்சிருக்கணும்ங்கறது உங்க உரிமைன்னே போட்டிருக்கு. உங்க ஆபீசுக்கோ சொந்தக்காரங்களுக்கோ டாக்டர் தானா சொல்ல முடியாது. குடிப்பழக்கத்தால வர்ற பிரச்சனையும் அந்தச் சட்டத்துக்குள்ள வருது. கோரிமேட்டுல ஜிப்மர் மனநலப் பிரிவுல வெளியே உக்காந்திருக்குற கூட்டத்துல பாதிப் பேர் தூக்கம், தலைவலி, பயம், மறதின்னு வந்திருப்பாங்க, உங்களைப் பார்த்து யாராலயும் எதுக்குன்னு சொல்ல முடியாது. அதுவும் சங்கடமா இருந்தா முதல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். போதைப் பழக்கத்துக்குன்னே 14446ம் இருக்கு.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லணுமான்னு நீங்க கேக்கல, ஆனா கடிதம் முழுக்க அந்தப் பயம் தெரியுது. சொல்லுங்கன்னுதான் நான் சொல்வேன், அவர் லீவுல வந்து அரிசி டிரம்முக்குப் பின்னாடி பார்த்துத் தெரிஞ்சுக்கறதைவிட நீங்க சொல்றது ஆயிரம் மடங்கு மேல். ஒரு தடவ டாக்டரைப் பார்த்துட்டு, பகல் நேரத்துல சொல்லுங்க. "இது நடந்திருக்கு, வைத்தியம் ஆரம்பிச்சுட்டேன், நீங்க கூட இருக்கணும்"னு மூணு வாக்கியம் போதும். அவர் கோபப்படலாம், அதுக்கும் தயாரா இருங்க, வேணும்னா டாக்டர் எதிர்லயே வீடியோ கால் போட்டுப் பேசலாம், நாங்க அப்படி நிறைய பண்ணியிருக்கோம்.

பொண்ணுக்கு அன்னைக்கு "கஷாயம்"னு பதில் சொன்னதா எழுதியிருக்கீங்க. பதினேழு வயசுப் பிள்ளைக்கு வாசனை தெரியும், தெரிஞ்சுதான் கேட்டிருக்கா. அவகிட்ட உண்மையைச் சொல்லுங்க: அது ஒயின், தூக்கத்துக்குன்னு ஆரம்பிச்சேன், இப்ப விட முடியல, டாக்டர்கிட்ட போறேன், அன்னைக்கு அப்படி வண்டி ஓட்டினது என் தப்பு. கதையெல்லாம் விவரமா வேணாம், அழுது மன்னிப்பு கேட்டு அவ தலையில பாரத்தை ஏத்தவும் வேணாம், உங்களைக் காவல் காக்குற வேலையையும் கொடுக்காதீங்க, அவளுக்குப் பரீட்சை இருக்கு.

டாக்டரைப் பார்க்கப் போற அன்னைக்குக் காலையில டிபன் சாப்பிட்டுட்டுப் போங்க, பி.பி. மாத்திரை, அல்பிரசோலம் அட்டை, பழைய ரத்த ரிப்போர்ட், அளந்து எழுதின அந்தத் தாள் எல்லாத்தையும் ஒரு பையில எடுத்துக்கோங்க. அக்காவையும் கூட வரச் சொல்லுங்க, பவுடர் யோசனை சொன்னதும் அவங்க உங்க மேல இருக்குற அக்கறையிலதான். உள்ள போய் உக்காந்ததும் தூக்கம் வரலன்னு சுத்தி வளைக்காம, தினம் அரை பாட்டில் ஒயின், அஞ்சு வருஷமாச்சு, நிறுத்தினா கை நடுங்குதுன்னு முதல் வாக்கியமே அதைச் சொல்லிடுங்க.